மின்சார அமைச்சரும் பன்னிரண்டு முட்டைகளும்

ஜூலை 10, வியாழன்

இன்று சத்துணவு முட்டையை என் வகுப்பில் ஒரு பிள்ளையும் தொடவில்லை. சத்துணவு அக்கா வாளியோடு வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டார்.

“என்ன டீச்சர் பண்ணி வச்சிருக்கீங்க? அத்தனை முட்டையும் அப்படியே திரும்பி வருது. நான் யாருக்குப் பதில் சொல்றது?”

எல்லாம் அந்தத் தெர்மாகோல் பெட்டியால் வந்த வினை. மீன் கடையில் வாங்கி, பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளே ஒரு பல்பு மாட்டி, ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்து, தலைமையாசிரியர் அற்புதசாமி சார் அறையில் வைத்திருக்கிறோம். அதற்குள் பன்னிரண்டு நாட்டுக்கோழி முட்டைகள். லால்குடியில் அவருடைய அக்கா வீட்டிலிருந்து சார் கொண்டுவந்தது. பல்பு சூட்டில் இருபத்தோரு நாளில் குஞ்சு வர வேண்டும். அடுத்த வாரம் பள்ளியில் கல்வி வளர்ச்சி வாரம். கடைசி நாள் வெள்ளிக்கிழமை பெற்றோர்கள் வருவார்கள். அன்றைக்குச் சரியாகப் பொரிக்கும்படி நாள் குறித்ததும் நான்தான். பெரிய மேதை.

“உள்ள குஞ்சு தூங்குது டீச்சர். எப்படிக் கடிக்கிறது?” என்று எழுந்து நின்று கேட்டான் இம்தியாஸ். வகுப்பில் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிற வாய் அவனுடையது.

பிறந்ததிலிருந்து முட்டையை வாயில் வைக்காத ஸ்ரீரங்கத்துக்காரி நான். முட்டை நல்லது, சாப்பிடுங்கள் என்று பிள்ளைகளிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று. கெஞ்சி நடக்கவில்லை. கடைசியில் சமையலறையிலிருந்து ஒரு பச்சை முட்டையை வாங்கி வந்து, ஸ்டோர் ரூமை இருட்டாக்கி, டார்ச்சின் மேல் வைத்துக் காட்டினேன். வெறும் மஞ்சள் வெளிச்சம். பிறகு எங்கள் பெட்டி முட்டை. அதில் சிவப்பாக நரம்பு, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி துள்ளுகிறது. பிள்ளைகள் மூச்சே விடவில்லை.

கலைமதிதான் முதலில் வெளியே வந்து தட்டை எடுத்தாள். “இதுல யாரும் இல்ல” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு ஒரே கடியில் பாதி முட்டையைத் தின்றாள். அவ்வளவுதான், மற்றவர்களும் ஆரம்பித்தார்கள்.

கலைமதி எங்கள் மின்சார அமைச்சர். பள்ளியில் பிள்ளைகளுக்கென்று ஓர் அமைச்சரவை உண்டு. தண்ணீருக்கு ஒருவர், சுத்தத்துக்கு ஒருவர், மின்சாரத்துக்கு இவள். மணி அடித்ததும் ஒவ்வொரு வகுப்பாகப் போய், எக்கி நின்று, சுவிட்ச் வரிசையைப் பக்கவாட்டில் ஒரே வீச்சாகத் தடவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் பையை எடுப்பாள். போன மாதம் அற்புதசாமி சார் அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே விசிறியை நிறுத்திவிட்டாள். “மணி அடிச்சிருச்சு சார்” என்றாளாம். இப்போது அந்த அறையில் பெட்டியின் சுவிட்சை மட்டும் விட்டுவைக்கிறாள்.

ஜூலை 11, வெள்ளி

கையில் என்ன வாடை என்று என் கணவர் கேட்டார். மீன் பெட்டி என்று இந்த வீட்டில் சொல்ல முடியுமா? சாக்பீஸ் என்றேன். மாமியார் திரும்பிப் பார்த்தார்.

ஜூலை 14, திங்கள்

வாரம் தொடங்கிவிட்டது. தொண்டை கட்டிக்கொண்டது.

காலையில் வகுப்பே காந்தி மார்க்கெட். பிள்ளைகள் ஆளுக்கொரு காய் கொண்டுவந்து தராசு வைத்து விற்றார்கள். கூட்டலும் கழித்தலும் கற்பிக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் நிஜ மார்க்கெட்டில் இருப்பவர்கள். அவர்களுக்கு நான் என்ன கற்பிப்பது? கலைமதியிடம் அரைக் கிலோ வெங்காயம் கேட்டேன். தராசைப் பார்க்காமலே கையால் அள்ளிப் போட்டாள். சரியாக இருந்தது. “அம்மா மண்டியில வெங்காயம் உரிக்குது டீச்சர், நானும் லீவுல போவேன்” என்றாள். அப்பா பிச்சமுத்து அங்கேயே மூட்டை தூக்குகிறவர்.

மதியம் கும்மி ஒத்திகை. கலைமதி மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தபோதே, நானும் ரஷீதாவும் முட்டைப் பெட்டியைச் சார் அறையிலிருந்து என் வகுப்புக்கு மாற்றினோம். (ரஷீதா ஒன்றாம் வகுப்பு டீச்சர். இந்தப் பள்ளியில் எனக்கென்று இருக்கிற ஒரே சிநேகிதி.) இதுவரை தினமும் உருட்டிவிட்ட முட்டையைக் கடைசி நாட்களில் உருட்டக் கூடாது, சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பிள்ளைகளும் பார்க்கட்டுமே, நாளைக்குக் காட்டலாம் என்று அலமாரிக்குப் பின்னால் வைத்து, மேலே துணி போட்டு மூடினோம்.

கால் வலிக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் இது என்னை விடாது.

கல்வி வளர்ச்சி நாள். பஸ் தாமதம். நான் போய்ச் சேர்ந்தபோது காலைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சிறந்த அமைச்சர் என்று கலைமதியை அழைத்து அற்புதசாமி சார் பென்சில் பாக்ஸ் கொடுத்தார். ‘இவங்க வந்த பிறகு நம்ம பள்ளியில ஒரு விசிறிகூட சும்மா ஓடறதில்லை’ என்றார். எல்லோரும் கை தட்டினோம். அந்தப் பெண் சிரிக்கக்கூட மறந்து நின்றாள், அவ்வளவு சந்தோஷம்.

வகுப்புக்கு வந்தேன். முட்டையைப் பார்க்கலாம் என்று துணியை எடுத்தேன். இருட்டு. பெட்டிக்குள் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. இரவு முழுவதும் சூடே இல்லை.

எனக்கு அந்த நேரத்தில் என்ன வந்தது? “யாரு அணைச்சது?” என்று கத்தினேன். பக்கத்து வகுப்பு அமைதியாகிவிட்டது. “எந்தக் கழுதை அணைச்சது, எழுந்து நில்லு!”

கலைமதி எழுந்தாள். புதுப் பென்சில் பாக்ஸ் கையில் இருந்தது.

“நான்தான் டீச்சர். எல்லாத்தையும் அணைச்சேன்.”

அலமாரிக்குப் பின்னால் பெட்டி இருப்பது அவளுக்குத் தெரியாது. அவள் ஆடிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியவள் நான். தினமும் செய்வதைத்தான் செய்தாள், நான் பழக்கியபடியே. இதெல்லாம் அந்த நொடியில் எனக்குத் தெரியாமலா போயிற்று? தெரிந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

“பன்னெண்டு உயிரு, கலைமதி” என்றேன்.

“செத்துப் போச்சா டீச்சர்? கலைமதி கொன்னுட்டாளா?” என்றான் இம்தியாஸ். வகுப்பு முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது.

பல்பை மறுபடி போட்டோம். மதியம் ரஷீதா டார்ச் வைத்துப் பார்த்தாள். முட்டைக்குள் குஞ்சு நிறைந்துவிட்டதால் வெறும் கறுப்பாகத் தெரிந்தது. அசைவு இல்லை. “நம்ம ஊரு வெயிலுக்குத் தாங்கும் டீச்சர். அல்லாஹ் பாத்துக்குவான், நாளைக்குப் பாப்போம்” என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு கலைமதி இல்லை. பை இல்லை. பென்சில் பாக்ஸ் என் மேசை மேல் இருந்தது.

ஜூலை 16, புதன்

கலைமதி வரவில்லை. இன்று பிள்ளைகள் நிழலை அளந்தார்கள். மைதானத்தில் ஒவ்வொருவர் நிழலுக்கும் சாக்பீஸால் கோடு போட்டு, மதியம் வந்து பார்த்தால் நிழல் சுருங்கியிருந்தது. ஒரே கூச்சல். எனக்குத்தான் எதிலும் மனம் ஒட்டவில்லை. மாலை வகுப்பு விட்டதும் ஒருவரும் சுவிட்சைத் தொடவில்லை. பயம். விசிறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. அற்புதசாமி சார் தானே போய் ஒவ்வொன்றாக நிறுத்தினார்.

நேரே வெங்காய மண்டிக்குப் போனேன். சின்ன வெங்காயம் குவித்து வைத்து, பத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து உரிக்கிறார்கள். அம்மா பக்கத்தில் கலைமதி. கண்ணெல்லாம் சிவப்பு. அங்கே அழுகிறவளை ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்கப் போவதில்லை. நல்ல இடமாகத்தான் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

“பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு ஒரே அடம் டீச்சர்” என்றாள் அம்மா. “சரி, ஒரு வாரம் இருக்கட்டும்னு கூட்டியாந்தேன். கைக்கும் ஒத்தாசையா இருக்கு.”

ஒரு வாரம். எதிர் வரிசையில் ஒரு பெண் கத்தியோடு நிமிர்ந்து “வணக்கம் டீச்சர்” என்றாள். பவித்ரா. போன வருஷம் என் வகுப்பு. அவளும் ஒரு வாரம் என்றுதான் நின்றாள். இரண்டு தடவை வீடு தேடிப் போனேன், அப்புறம் பரீட்சை வந்தது, நானும் விட்டுவிட்டேன். இப்போது பக்கத்தில் இருக்கிற பெரிய பெண்களைவிட வேகமாக உரிக்கிறாள்.

கலைமதி பக்கத்தில் குந்தினேன். “உன் மேல தப்பில்ல கண்ணு. பெட்டிய மாத்துனத நான்தான் உங்கிட்ட சொல்லல.”

வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “அசையுதா டீச்சர்?”

பொய் சொல்லியிருக்கலாம். “தெரியல” என்றேன்.

“அப்ப நான் வரல.”

மாலை ஏழு மணி இருக்கும். பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போது போன் வந்தது. பிச்சமுத்துவின் நம்பர், பேசியது கலைமதி. மூச்சு வாங்கியது.

“டீச்சர், நாளைக்கு கரண்ட் கட்டாம்! மண்டியில பேசிக்கிட்டாங்க. மாசா மாசம் ரிப்பேர் பாப்பாங்கள்ல, அது. காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும் இந்தப் பக்கம் பூராவும் கிடையாதாம்.” கொஞ்சம் நிறுத்தி, “பெட்டி?” என்றாள்.

பெட்டி. ரஷீதாவின் வீடும் அந்தப் பக்கம்தான். சார் வீடும் அங்கேதான். நாளைக்கு மின்சாரம் இருக்கிற வீடு எங்களுக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று. ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியில், முட்டை என்ற சொல்லைக்கூட மெதுவாகச் சொல்கிற இந்த வீடு.

“காலைல ஸ்கூல் வாசலுக்கு வா. என்னால ஒத்தையில தூக்க முடியாது” என்றேன். போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். “கொண்டாந்து விடறேங்க” என்றார் பிச்சமுத்து.

ஜூலை 17, வியாழன்

வந்திருந்தாள். பென்சில் பாக்ஸைக் கொடுத்தேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சரி என்று என் பையிலேயே போட்டுக்கொண்டேன்.

பெட்டிக்குள் வெந்நீர்ப் பாட்டில் இரண்டை வைத்து, என் பழைய புடவையால் சுற்றி, டவுன் பஸ்ஸில் ஏறினோம். பெட்டி பாதி என் மடியில், பாதி அவள் மடியில். கண்டக்டர் “என்னம்மா, மீனா?” என்றார். “இல்ல, கோழி” என்றாள் கலைமதி. “இன்னும் வரல.” பஸ்ஸே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

காவிரிப் பாலத்தில் இரண்டு கரையும் தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “குஞ்சு வரலைன்னா நான் மண்டிக்கே போறேன் டீச்சர். ஸ்கூல்ல எல்லாரும் என்னையே பாக்கறாங்க.” எட்டு வயதுப் பெண். முடிவு செய்துவிட்டுப் பேசுகிற குரல். நான் வாயைத் திறந்தால் ஏதாவது உளறிவிடுவேன் என்று சும்மா இருந்தேன். என் வாயை எனக்கே பயமாக இருக்கிறது இப்போதெல்லாம்.

வீட்டு வாசலில் மாமியார் கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன ரங்கநாயகி, போன சுருக்கில திரும்பி வரே? என்ன பெட்டி?”

சொன்னேன். ஒரே மூச்சில் எல்லாம் சொன்னேன் - மீன் பெட்டி, பல்பு, என் கத்தல், கரண்ட், எல்லாம். அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

“ஆடி ஒண்ணாம் தேதியும் அதுவுமா, பெருமாளுக்குத் தளிகைகூட ஆகலை. முட்டையைத் தூக்கிண்டு வந்து நிக்கறியே. இந்த ஆத்துல இதுவரைக்கும்…”

“முட்டை இல்ல பாட்டி” என்றாள் கலைமதி. “உள்ள ஆள் இருக்கு.” பிறகு குரல் இறங்கிவிட்டது. “இருந்துச்சு.”

மாமியார் அவளைப் பார்த்தார். “இருந்துதுன்னா?”

என் போன் டார்ச்சைக் கேட்டாள் கலைமதி. கொடுத்தேன். கதவு மறைவில் இருட்டான மூலைக்குப் போய், ஒரு முட்டையை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தின் மேல் வைத்தாள். கறுப்பு. அகலமான முனையில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவது முட்டையில் அந்த மஞ்சள் இடத்தில் ஏதோ ஒரு நிழல் - வந்து முட்டிவிட்டுப் போனது. மறுபடி முட்டியது.

“டீச்சர்… ஆடுது.” முட்டையைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்தாள். வைத்த பிறகுதான் தரையில் உட்கார்ந்து அழுதாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அடக்கி வைத்த அழுகை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் போகிறவர்கள் என்ன நினைத்தார்களோ.

மாமியார் குனிந்து டார்ச்சை எடுத்து, தொடாமல், எட்ட நின்று அந்த முட்டையின் மேல் தானே அடித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“பெட்டியை உள்ள எடுத்துண்டு வாங்கோ” என்றார். “பிள்ளைத்தாச்சியை வாசல்ல நிக்க வெப்பாளா யாராவது?”

என் மகன் கோயம்புத்தூர் விடுதிக்குப் போனதிலிருந்து அவன் அறை சும்மா கிடக்கிறது. அங்கே அவன் மேசையில் பெட்டியை வைத்துப் பல்பைப் போட்டோம். நிபந்தனைகள் உண்டு: தளிகை அறைப் பக்கம் அது தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது, நான் குளிக்காமல் எதையும் தொடக் கூடாது. சூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று மாமியாருக்குக் கலைமதிதான் தெர்மாமீட்டரைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். “கரண்ட் போச்சுன்னா உடனே டீச்சருக்கு போன் போடுங்க பாட்டி.” அமைச்சர் பேச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது.

பள்ளிக்கு அவளையும் கூட்டிப் போனேன். அற்புதசாமி சாரிடம் சொல்லியிருந்ததால் தாமதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வகுப்பின் முன்னால் நின்று, பெட்டியை மாற்றியதைச் சொல்லாமல் விட்டது டீச்சரின் தப்பு, கத்தியதும் டீச்சரின் தப்பு என்று சொன்னேன். பிள்ளைகளுக்கு இது பெரிய அதிசயம். “அப்ப டீச்சர் தோப்புக்கரணம் போடணுமா?” என்று இம்தியாஸ் கேட்டான். போட்டேன். எண்ணிக்கொண்டு வந்த பிள்ளைகள் நடுவில் எண்ணிக்கையை விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கலைமதி தலையைக் குனிந்து பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன்.

சாப்பாட்டில் இம்தியாஸ் தன் முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தான். “இதுல யாரும் இல்ல, நான் பாத்துட்டேன்” என்றான். அவள் பாதியைப் பிய்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

மாமியாரிடமிருந்து மூன்று போன். முதல் தடவை: “முப்பத்தொம்போது காட்டறது. ஃபேனைப் போடட்டுமா?” ஐயோ அம்மா, வேண்டாம், மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கோ என்றேன். இரண்டாவது: “அதுகளுக்குப் பசிக்காதோ?” மூன்றாவது தடவை கேள்வியே இல்லை. “நன்னா இருக்கு. சொல்லலாம்னுதான்.”

ஜூலை 18, வெள்ளி

காலையில் பெட்டியோடு மறுபடி பஸ். பெற்றோர்கள் வந்தார்கள். காய்கறிக் கடை, நிழல் கணக்கு, கும்மி, காவிரி வரைபடம் - எல்லாம் நன்றாக நடந்தது. கும்மியில் கலைமதி ஆடவில்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

குஞ்சு வரவில்லை.

வந்தவர்கள் எல்லாம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள், பன்னிரண்டு முட்டை. இம்தியாஸ் ஒவ்வொருவரிடமும் “குஞ்சு லேட்டுங்க, ஒருநாள் ராத்திரி குளிருல இருந்துச்சு, அதான்” என்று சொன்னான். யார் அணைத்தது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்தப் பயலை வாரி எடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மணி அடித்தது. எல்லோரும் போய்விட்டார்கள். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. “அணைச்சிட்டு வா கண்ணு, போலாம்” என்றேன். கலைமதி சுவிட்சுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். நானே அணைத்தேன்.

வாசலில் பிச்சமுத்து காத்திருந்தார். “திங்கக்கிழம வருவியா?” என்று நான் கேட்டதற்கு அவள் அப்பாவின் லுங்கியைப் பிடித்துக்கொண்டு, “பாட்டி வீட்டுல வைங்க டீச்சர். பாட்டி பாத்துக்குவாங்க” என்றாள். கேட்டதற்குப் பதில் அது இல்லை.

ஜூலை 19, சனி

ஆறு மணிக்கு மாமியார் என்னை உலுக்கி எழுப்பினார். இன்னும் குளிக்கவில்லை அவர். இருபது வருஷத்தில் குளிக்காமல் அவர் என் அறைக்குள் வந்தது இதுதான் முதல் தடவை.

“கூப்பிடறது. வந்து கேளு.”

பெட்டிக்குப் பக்கத்தில் காது வைத்தோம். கீச். ஓட்டுக்கு உள்ளிருந்து. பிறகு இன்னொரு முட்டையில் ஒரு சின்ன விரிசல். நான் போனைத் தேடுவதற்குள் மாமியாரே “அந்தக் குழந்தையைக் கூப்பிடு, அந்தக் குழந்தையைக் கூப்பிடு” என்று விரட்டினார்.

முதல் பஸ் பிடித்து அப்பாவும் மகளும் வந்துவிட்டார்கள். பிச்சமுத்து உள்ளே வரத் தயங்கி வாசலில் நின்றார். “காபி சாப்பிட வாங்கோ” என்று என் கணவர் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

மதியம் வரைக்கும் மேசையைச் சுற்றி நாங்கள் எல்லோரும். ஒரு குஞ்சு ஓட்டை உடைத்துப் பாதி வந்து, களைத்துப்போய்த் தலையைச் சாய்த்துவிட்டது. எடுத்து விடலாமா என்று மாமியார் கேட்டார். “கூடாது பாட்டி, அதுவாத்தான் வரணும், டீச்சர் சொன்னாங்க” என்று கலைமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வந்தது. ஈரமாக, அசிங்கமாக, நிற்கத் தெரியாமல். அதைப் பார்த்து “அழகா இருக்கு” என்றார் என் மாமியார்.

மாலைக்குள் எட்டு.

நான்கு முட்டையில் ஒன்றும் இல்லை. டார்ச் வைத்துப் பார்த்தோம், காது வைத்துக் கேட்டோம்.

கலைமதி அந்த நான்கையும் பார்த்துக்கொண்டு நின்றாள். “இது என்னாலயா டீச்சர்?”

சும்மா ‘இல்லை’ என்று சொல்லிவிடலாம். வேண்டாம். இந்தப் பெண்ணிடம் பொய் நிற்காது.

“தெரியல கண்ணு. எல்லா முட்டையும் எப்பவும் பொரிக்காது. குளிருனதுனாலயும் இருக்கலாம். அப்படி இருந்தா அது நம்ம ரெண்டு பேராலயும்தான். நான் சொல்லல, நீ அணைச்சே. உன் பங்கவிட என் பங்கு பெருசு.”

யோசித்தாள். “பாதிப் பாதி” என்றாள் கடைசியில். பெரிய மனது பண்ணி எனக்குக் குறைத்துக் கொடுத்த மாதிரி.

கொல்லையில் தென்னைக்கு அடியில் பிச்சமுத்து குழி வெட்டினார். நான்கையும் கலைமதி வைத்தாள். மாமியார் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து மேலே விட்டார், பிறகுதான் குளிக்கப் போனார்.

ஜூலை 20, ஞாயிறு

எட்டும் நொய்யரிசியில் கால் வைத்துத் தின்கின்றன. ‘எல்லாத்தையும் ஸ்கூலுக்கே கொடுத்துடணுமா’ என்று மாமியார் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

ஜூலை 21, திங்கள்

பஸ்ஸில் குஞ்சுப் பெட்டியை மடியில் பிடித்துக்கொண்டே போனேன். பள்ளி வாசலில் இம்தியாஸ் எனக்காகக் காத்திருந்து, என் கையில் பெட்டியைப் பார்த்ததும் மற்றவர்களிடம் சொல்ல உள்ளே ஓடினான். நான் பிள்ளைகள் கூட்டத்தில் ஒரு தலையைத்தான் தேடினேன்.

வந்திருந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி, முன்வரிசையில்.

இன்று பாடம் நடக்கவில்லை, கீச்கீச்சென்று ஒரே சத்தம். எட்டுக் குஞ்சுக்கும் பெயர் வைத்தார்கள். சத்துணவு அக்கா நொய் கொண்டுவந்து கொடுத்து, “இதுங்கள வளத்து எங்கிட்ட குடுத்துடாதீங்க” என்றார். பிள்ளைகள் அவரை அடிக்காத குறை. குஞ்சுகளுக்கு இன்னும் சில வாரம் சூடு வேண்டும், பல்பு இரவிலும் எரிய வேண்டும் என்று வகுப்புக்குச் சொன்னேன். சொல்லும்போது நான் யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை.

மணி அடித்தது. நான் மேசையில் திருத்துகிற பாவனையில் உட்கார்ந்திருந்தேன். ரஷீதா வாசலில் வந்து நின்றாள்.

கலைமதி சுவிட்சுகளுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். எக்கினாள். வழக்கமான அந்த வீச்சு இல்லை. ஒரு விரலால் முதல் சுவிட்சை அணைத்தாள். ஓடிப்போய் நடு அறையில் நின்று எது நின்றது என்று பார்த்தாள். விசிறி. திரும்பி வந்து அடுத்தது. மறுபடி ஓடிப் போய்ப் பார்த்தாள். விளக்கு. இப்படி ஒவ்வொன்றாக. கடைசியில் ஒரே ஒரு சுவிட்ச் மீதி இருந்தது. பெட்டி வரைக்கும் போய், உள்ளே எட்டிப் பார்த்து, பல்பு எரிகிறது என்று தெரிந்துகொண்டு வந்தாள். அந்த சுவிட்சுக்கு நேரே நின்று கையைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். கையை நீட்டினாள். ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. பிறகு என் பையிலிருந்து பென்சில் பாக்ஸை எடுத்துக் கொடுத்தேன்.

வாசல் வரை போனவள் திரும்பினாள்.

“டீச்சர், நீங்கதான கடைசியா கெளம்புவீங்க? அந்த ஓரத்து சுவிட்ச மட்டும் தொடாதீங்க.”

“சரிங்க” என்றேன்.